பதினாறாம் நாள் பாட்டும் ஃப்ரெடி மெர்குரியும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஃப்ரெடி மெர்குரி படத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிக் கச்சேரியில் தேம்பித் தேம்பி அழுதேன். மறுநாள் தேடிப் படித்தால் பாதி நடக்கவே இல்லையாம். பாட்டுக்காரர்கள், இசையமைப்பாளர்கள் வாழ்க்கையை எடுக்கிற படங்களை நம்பலாமா? அதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா பொழுதுபோக்கா?” நம்பலாமா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: தேதிக்கும் காரணத்துக்கும் நம்ப வேண்டாம். ஆனால் தம்பி உண்மையில் கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் காட்சியை நினைத்தால் தொண்டை அடைக்கிறதே, அப்படியானால் தான் அழுதது ஏமாந்த அழுகையா என்பதுதான் அவரை உறுத்துகிறது. அதற்குக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எந்தத் தகுதியில் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது புளியந்தோப்பு, இப்போது இருப்பது பெரம்பூர். பதினெட்டு வயதில் கானா கோஷ்டியில் டேப் மேளம் அடித்தேன். அப்புறம் சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் சுற்றும் பையனாகச் சேர்ந்து, எஃபெக்ட்ஸ், டப்பிங், கடைசியில் மிக்ஸிங் உதவியாளர் என்று 22 வருடம் ஓட்டினேன். காது பழகியிருக்கிறது, அவ்வளவுதான். சரித்திரம் படித்தவன் இல்லை. மேற்கத்திய சங்கீதத்தை நோட்டு பார்த்துப் படிக்கவும் வராது. ஆகவே ஒலியைப் பற்றி நான் சொல்வதைத் தொழில்காரன் பேச்சாகவும், மற்றதை ஒரு ரசிகன் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியை அழவைத்த படத்திலிருந்தே தொடங்குவோம். இங்கிலாந்து ராக் குழுவான குவீனின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியைப் பற்றிய ‘பொஹீமியன் ராப்சடி’ 2018இல் வந்தது. ஃப்ரெடியாக நடித்த ரமி மாலெக்குக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர், கூடவே படத்தொகுப்புக்கு ஒன்று, ஒலிக்கு இரண்டு. படம் சொல்கிற கதை இது: ஃப்ரெடி தனி ஆல்பத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் குவீன் குழுவைக் கைவிடுகிறார், ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லை, திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறார், ஒத்திகையில் தனக்கு எச்.ஐ.வி. என்று நண்பர்களிடம் சொல்கிறார். அப்புறம் 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், லைவ் எய்ட் என்கிற நன்கொடைக் கச்சேரி. நடந்ததைப் பாருங்கள். குழு உடையவே இல்லை. 1984இல் ஆல்பம் வெளியிட்டு, அதற்கான சுற்றுப்பயணத்தை 1985 மே மாதம் ஜப்பானில்தான் முடித்திருந்தார்கள். தனி ஆல்பம் போட்டதும் ஃப்ரெடி முதலில் இல்லை. டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர் 1981இலேயே போட்டுவிட்டார். நோய் உறுதியானது 1987 வாக்கில் என்றுதான் ஃப்ரெடியுடன் வாழ்ந்தவர் சொல்லியிருக்கிறார். கைதட்டலும் கால்மிதியுமாக வரும் ‘வி வில் ராக் யூ’ 1977இல் வந்த பாட்டு. படத்தில் அது மீசை வைத்த 1980 ஃப்ரெடியின் முன்னால் பிறக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு வலிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சான்சிபாரில் ஒரு பார்சி வீட்டில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்த அந்தப் பையன் பியானோ கற்றதும், முதன்முதலில் பள்ளி நண்பர்களோடு குழு அமைத்ததும் மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில். ஒரு பாட்டுக்காரனுக்குக் காது திறந்த இடம் அது. படம் அதைப் போகிற போக்கில் தாண்டிவிடுகிறது.

ஏன் இப்படி மாற்றினார்கள்? இருபது நிமிடக் கச்சேரி அபாரமாக அமைந்ததற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. உண்மைக் காரணம் படத்துக்கு உதவாது. அந்தக் குழு ஒரு வருடமாக ஊர் ஊராக வாசித்துக் கை சூடாக இருந்தது. ஒதுக்கப்பட்ட நேரத்துக்குள் அடங்கும்படி பாட்டுகளை வெட்டி ஒட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் ஏதோ நன்கொடைக் கச்சேரிதானே என்று வந்த இடத்தில் இவர்கள் வேலையாக வந்தார்கள். இதைப் படமாக எடுத்தால் யார் அழுவார்கள்? ஆகவே பிரிவு, நோய், மன்னிப்பு மூன்றையும் தூக்கிக் கச்சேரிக்கு முன்னால் வைத்தார்கள். இந்த வகைப் படங்களில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். தேதி தப்பினால் பரவாயில்லை, தேடிப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். பாட்டு துக்கத்திலிருந்துதான் பிறக்கும் என்கிற நம்பிக்கையை ஊட்டிவிடுகிறார்களே, அது திருத்த முடியாதது. நான் பார்த்தவரை பெரும்பாலான பாட்டு பிறப்பது செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம், பத்தாவது தடவையும் சரியாக வராத ஒரு வரியோடு மல்லுக்கட்டும்போது. சாதகம் என்று நாம் சொல்வதைக் கேமரா முன்னால் வைத்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆகவே கைவிரல், கடிகாரம், மழை, மறுபடி கைவிரல் என்று ஓட்டிவிட்டு அடுத்த காட்சியில் மேடை ஏற்றிவிடுவார்கள்.

இதையெல்லாம் வைத்து அந்தப் படத்தை ஒதுக்கிவிடலாமா? இங்கேதான் நான் எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வடசென்னையில் ஒருவர் இறந்தால் அன்றிரவு பந்தலிலோ, பதினாறாம் நாள் காரியத்திலோ கானா வைப்பது வழக்கம். பாடப் போகிறவர் முன்கூட்டியே வந்து வீட்டு ஆட்களிடம் விசாரிப்பார். இறந்தவர் பெயர் என்ன, ஹார்பரில் வேலையா, ஆட்டோவா, மீன்பாடி வண்டியா, பிள்ளைகள் எத்தனை, மூத்தவள் எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது, பேரன் பெயர் என்ன. அரை மணி நேரத்தில் இத்தனையும் வாங்கிக்கொண்டு, விடியவிடிய அந்த மனிதரின் வாழ்க்கையைப் பாட்டாகப் பாடுவார். குடிகாரர் என்றால் அதைச் சொல்ல மாட்டார். ரொம்பப் பழகியவர் என்றால் தெருவே சிரிக்கிற மாதிரி பூடகமாக ஒரு வரி விடுவார். சம்சாரத்தை அடித்ததைப் பாட மாட்டார். காசு கொடுத்துக் கூப்பிட்டது குடும்பம். அதெல்லாம் பொய் என்று யாரும் எழுந்து போவதில்லை. அந்தப் பாட்டு தகவல் அறிக்கை இல்லை என்பது பந்தலில் உட்கார்ந்திருக்கிற கடைசிப் பையனுக்கும் தெரியும். அதே சமயம், பேரன் பெயர் வருகிற இடத்தில் அந்த வீட்டுக் கிழவி வெடித்து அழுவாள். அந்த அழுகையை யாரும் ஏமாந்த அழுகை என்று சொல்ல மாட்டோம்.

வாழ்க்கைப் படங்களை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பார்க்க உட்காரும் முன் கேட்கிற முதல் கேள்வியும் பந்தல் கேள்விதான்: பாடச் சொல்லிக் கூப்பிட்டது யார்? ‘பொஹீமியன் ராப்சடி’யில் குவீன் குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் பங்கெடுத்தார்கள், குழுவின் மேலாளர் தயாரிப்பாளர்களில் ஒருவர். அதற்கப்புறம் படத்தில் குழுவினர் எல்லோரும் பொறுமையே வடிவாக நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவர்களாகவும், வழி தவறிப் போய்த் திரும்புகிறவர் இறந்துபோன ஒருவராகவும் இருப்பதில் என்ன ஆச்சரியம்? உயிரோடு இருப்பவர்கள் சாட்சி சொல்கிறார்கள். இது என் ஊகம், ஆனால் பெரிய ஊகம் இல்லை. பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் கையில் கதையும் போய்விடுகிறது. கூப்பிடாமலே பாடப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பற்றி 2013இல் வந்த படம் உதாரணம். அவருடைய பாட்டுரிமையை வைத்திருப்பவர்கள் மறுத்துவிட்டதால், ஹென்ட்ரிக்ஸ் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லாமல் ஹென்ட்ரிக்ஸ் படம் எடுக்க வேண்டியதாயிற்று. பிணம் இல்லாத பந்தல் மாதிரி.

இந்த விதிக்கு அடங்காதவர்களும் உண்டு. இங்கிலாந்துப் பாடகர் எல்டன் ஜான் உயிரோடு இருந்து, தானே நிர்வாகத் தயாரிப்பாளராகவும் இருந்த ‘ராக்கெட்மேன்’ 2019இல் வந்தது. போதை, குடி, வெறுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. பாட்டுகளைத் தேதி வரிசையில் வைக்காமல், ஆட்கள் தரையிலிருந்து எழும்பி மிதக்கிற கனவாகவே எடுத்திருக்கிறார்கள். இது பாட்டுக்கூத்து, பதிவேடு இல்லை என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவதால் எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

பொய் சொல்லியும் கற்றுக்கொடுக்கிற படம் என்றால் நான் எப்போதும் சொல்வது ‘அமதேயஸ்’ (1984). எட்டு ஆஸ்கர் வாங்கிய படம். இசைமேதை மொட்சார்ட்டைப் பார்த்துப் பொருமி அவரை அழிக்கிற சக இசையமைப்பாளர் சாலியேரி என்கிற கதை, சரித்திரமாகப் பார்த்தால் நிற்காது. சாலியேரி விஷம் வைத்தார் என்பது வெறும் வதந்தி. அதை ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830இல் சின்ன நாடகமாக எழுதினார், பீட்டர் ஷாஃபர் 1979இல் பெரிய நாடகமாக்கினார், அதிலிருந்து படம். நிஜ சாலியேரி பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். மொட்சார்ட்டின் இளைய மகனுக்கும்கூடப் பாடம் எடுத்தவர். படத்தில் கடவுளுக்காகப் பிரம்மச்சாரியாக இருப்பவருக்கு, நிஜத்தில் எட்டுப் பிள்ளைகள். ஆனால் அந்தப் படத்தில் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒன்றில், காற்று வாத்தியங்களுக்காக மொட்சார்ட் எழுதிய ஒரு துண்டைச் சாலியேரி விவரிக்கிறார்: அடியில் ஒன்றுமில்லாத மாதிரி கரகரக்கிற வாத்தியங்கள், திடீரென்று மேலே ஓபோவின் ஒரே ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்கிறது, பிறகு அதைக் கிளாரினெட் வாங்கிக்கொள்கிறது. அவர் சொல்லச்சொல்ல நமக்கு அது கேட்கிறது. இன்னொன்றில், சாகக் கிடக்கிற மொட்சார்ட் தன் இரங்கல் இசையை வாயால் சொல்ல, சாலியேரி எழுதுகிறார். முதலில் கீழ்க்குரல்கள் மட்டும், அப்புறம் அடுத்த குரல்கள், அப்புறம் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் மொத்தமும் சேர்ந்து. அந்த இரவில் சாலியேரி அங்கே இல்லை. அந்த இசையை முடித்துக்கொடுத்தவர் ஸூஸ்மயர் என்கிற இன்னொருவர். காட்சி முழுக்கக் கற்பனை. ஆனால் மிக்ஸிங் மேசையில் ஒவ்வொரு டிராக்காகத் திறந்து கேட்கும்போது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை, அந்த மேசையைப் பார்த்தே இராத என் மனைவிக்கு முதல்முறை புரியவைத்தது அந்தக் காட்சிதான். மொட்சார்ட்டின் ஒரு ஸ்வரத்தையும் மாற்றக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் நெவில் மரினர் அந்தப் படத்துக்கு இசை நடத்தினார். ஆளைப் பற்றிப் பொய் சொன்னாலும் பாட்டைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பது அங்கே ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நம் ஆட்களுக்குக் குரல் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது என்பது பழகிப்போன சங்கதி. டி.எம்.எஸ். குரலில் சிவாஜியும் பாடுவார், எம்.ஜி.ஆரும் பாடுவார், நாம் கேள்வி கேட்டதில்லை. ஆனால் பாட்டுக்காரரைப் பற்றிய படத்தில் குரல்தான் கதாநாயகன். அதைக் கொண்டுவர மூன்று வழி. அசல் பதிவையே போட்டு நடிகரை வாயசைக்க வைப்பது: ‘ரே’ (2004) படத்தில் பெரும்பாலும் அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸின் குரலே ஒலிக்கிறது, பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் பற்றிய 2007 படத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். நடிகரையே பாடவைப்பது: அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பற்றிய 2005 படத்தில் வாக்கீன் ஃபீனிக்ஸும் ரீஸ் விதர்ஸ்பூனும் சொந்தக் குரலில் பாடினார்கள். மூன்றாவது கலவை: ஃப்ரெடி படத்தில் அவருடைய பழைய பதிவுகள், மார்க் மார்டெல் என்கிற பாடகரின் குரல், கொஞ்சம் நடிகர் குரல் எல்லாம் ஒட்டுத் தெரியாமல் கோத்திருக்கிறார்கள்.

எது சிறந்தது என்று கேட்டால், நான் உதட்டைப் பார்க்க மாட்டேன், மூச்சைப் பார்ப்பேன். பாட்டு ஷூட்டிங்கில் பதிவான பாட்டை ஒலிக்கவிடும் நாகரா டேப் கருவி ஓடும்போது நடிகர் உதட்டைச் சரியாக அசைத்துவிடுவார். ஆனால் நீண்ட வரிக்கு முன்னால் பாடகர் மூச்சு இழுக்கிற இடத்தில் அவர் தோள் ஏறாது, கழுத்து நரம்பு எழும்பாது. அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும். ரேயாக நடித்த ஜேமி ஃபாக்ஸ் சின்ன வயதிலிருந்து பியானோ வாசிப்பவர் என்பதால் ‘ரே’யில் கையும் தோளும் பாட்டோடு சேர்ந்து போகின்றன, குரல் இன்னொருவருடையது என்பது மறந்துவிடுகிறது. (அதே படம் ஜார்ஜியா மாநிலம் அவருக்கு ஆயுள் தடை விதித்தது என்கிறது, அப்படி ஒரு தடை இருந்ததே இல்லை. வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து உட்காரவைக்கிற கச்சேரியில் வாசிக்க 1961இல் அவர் மறுத்தது உண்மை. அது போதாதா, அதற்கு மேல் ஏன் ஜோடிக்க வேண்டும் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.)

சமீபத்தில் என் காதை நிமிர்த்திய படம் இம்தியாஸ் அலியின் ‘அமர் சிங் சம்கீலா’ (2024). பஞ்சாபில் கல்யாண வீடுகளிலும் திறந்தவெளிகளிலும் பச்சையான பாட்டுகளைப் பாடிப் பெரிய புகழோடு இருந்து, 1988 மார்ச் 8 அன்று மெஹ்சாம்பூரில் மனைவி அமர்ஜோத்தோடு சுட்டுக்கொல்லப்பட்டவரின் கதை. தில்ஜித் தோசாஞ்சும் பரினீதி சோப்ராவும் படப்பிடிப்பு இடத்திலேயே நேரடியாகப் பாடியிருக்கிறார்கள். இசை நம் ரஹ்மான். மூச்சு, வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் கூடிக் குறைகிற தூரம், கூட்டத்தின் சத்தம் பாட்டுக்குள் கசிவது எல்லாம் அதில் இருக்கிறது. கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. படமும் யாரையும் குற்றவாளி என்று கைகாட்டிக் கதையை முடித்துக்கொள்ளவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிடுகிற தைரியம் இந்த வகைப் படங்களில் ரொம்ப அபூர்வம். இரட்டை அர்த்தப் பாட்டுக்காக வசவு வாங்கிய கானா அண்ணன்மார்களோடு வளர்ந்தவன் என்பதாலும் எனக்கு அது ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருடங்களுக்கு முன்னால், எங்கள் பக்கத்தில் பேர்போன ஒரு கானா பாடகர் இறந்தபின் அவரைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். யார் எடுத்தது, யாரைப் பற்றி என்பதெல்லாம் வேண்டாம். ஒலி வேலை என்னிடம் வந்தது. பழைய கேஸட்டில் அவர் ஒரு சாவு வீட்டில் பாடியது இருந்தது. பின்னால் நாய் குரைக்கிறது, ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது, யாரோ ஒரு அம்மா ஒப்பாரியை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார், டேப் சத்தம் பாட்டை அமுக்குகிறது. நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். குரலுக்கு லேசாக எதிரொலி கொடுத்தேன், அடியில் கொஞ்சம் கனம் சேர்த்தேன். சினிமாப் பாட்டு மாதிரி ஜம்மென்று வந்தது, எனக்கு ஒரே பெருமை. படத்தை அவர் வீட்டில் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் அவர் மனைவி என்னைப் பார்த்து, “கொரலு அவுருதுதான் தம்பி. ஆனா அவுரு எங்கியோ தனியா ஒரு ரூம்புல குந்திகினு பாடுற மாதிரி கீதே. அவுரு அப்பிடி எப்ப பாடுனாரு?” என்றார். ஒரு தேதியைக்கூட நான் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தையை மாற்றவில்லை. ஆனாலும் அந்த மனிதரின் வாழ்க்கையில் மிகப் பெரிய பொய்யை நான்தான் சேர்த்திருந்தேன். அந்த ஒப்பாரிக்கு நடுவே, அதை மீறிப் பாடியதுதான் அவர் வித்தை. மூலக் கேஸட்டை வாங்கி மறுபடி மிக்ஸ் பண்ண நேரமும் காசும் இல்லாமல் படம் அப்படியே போய்விட்டது.

தமிழில் இந்த மாதிரிப் படம் ஏன் குறைவு என்று சிலர் கேட்பார்கள். ஆரம்ப காலத்தில் குறைவு இல்லை என்பதுதான் என் பதில். பாடகர்களே நடித்த காலத்தில், பாடிய அடியார்களின் கதைகள் வந்துகொண்டே இருந்தன. 1945இல் எம்.எஸ். சுப்புலட்சுமி மீராவாக நடித்தார், 1946இல் சித்தூர் நாகையா தெலுங்கில் தியாகய்யராக நடித்தார், டி.எம்.எஸ். பட்டினத்தாராகவும் (1962) அருணகிரிநாதராகவும் (1964) தானே வந்து நின்றார். மூச்சும் தோளும் ஒட்டாத பிரச்சினை இந்தப் படங்களில் கிடையாது. இவற்றுக்குத் தாய் கதாகாலட்சேபம். பாட்டைச் சொல்லி, அது பிறந்த கதையைச் சொல்லி, மறுபடி பாட்டுக்கு வருவது. ஹாலிவுட் படத்தில் ‘இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது தெரியுமா’ என்று வருகிற காட்சிக்கு நாம் சிரிக்கிறோம். அதை நம் பாகவதர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். தியாகராஜர் வணங்கிய ராமர் விக்கிரகத்தை அண்ணன் காவிரியில் எறிந்துவிட, ‘நேனெந்து வெதகுதுரா’ என்று தேடிப் பாடினார், கிடைத்ததும் ‘கனுகொண்டினி’ என்று பாடினார் என்பார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் எந்தக் கிருதியை எந்த நாளில் பாடினேன் என்று தியாகராஜர் குறித்துவைத்துவிட்டுப் போகவில்லை. பாட்டின் சொல்லைப் பார்த்துக் கதை வந்ததா, கதையிலிருந்து பாட்டு வந்ததா என்று பிரிக்க முடியாது. அதே தியாகராஜர் நம் திருவொற்றியூருக்கு வந்ததை வேறு தட்டில் வைக்கலாம். வீணை குப்பையர் அழைத்து வந்தார் என்று சீடர் பரம்பரை சொல்கிறது. அதோடு திருபுரசுந்தரி அம்மன் மேல் அவர் பாடிய ஐந்து கிருதிகள் இன்றும் பாடப்படுகின்றன. வழிவழிச் செய்தியும் பாட்டின் சொல்லும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

வடசென்னையில் எடுக்கக் காத்திருக்கிற படங்கள் என்று ஒரு பட்டியலே என் மனதில் உண்டு. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளியில் தொடங்கி, மூன்று தீபாவளி கண்டு ஓடியது பிராட்வே தியேட்டரில். அதே 1944 கடைசியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். 1945இல் தண்டனை சொன்ன ஐகோர்ட்டுக்கும் அந்தத் தியேட்டருக்கும் நடந்துபோகிற தூரம். இங்கே திரையில் பாடிக்கொண்டிருக்கிறார், அங்கே கூண்டில் நிற்கிறார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் விடுதலை. இதில் ஜோடிக்க எதுவும் வேண்டாம். சிக்கல் குரலில்தான் வரும். அந்தக் கால 78 சுழற்சி இசைத்தட்டில் மேல் அதிர்வுகள் சரியாக ஏறாது. குரலும் வாத்தியமும் ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடக்கும். இன்றைய ஒலிக்கு நடுவில் அதைப் போட்டால் தகர டப்பாவுக்குள் இருந்து பாடுகிற மாதிரி தனித்துத் தெரியும். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னனுடைய பழைய கேஸட்டிலிருந்து அவர் குரலை மட்டும் கணினி கொண்டு பிரித்து 2023இல் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று வெளியிட்டார்கள், அந்த வித்தை இங்கும் கொஞ்சம் உதவலாம். ஆனால் தட்டில் பதிவாகாத உச்சத்தை எந்தக் கணினியும் கண்டுபிடித்துத் தராது. தந்தால் அது கணினியின் குரல்.

மணலி என்றால் நமக்கு இன்று சுத்திகரிப்பு ஆலைதான் ஞாபகம் வரும். முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார் ஆதரவில் அங்கேதான் குடியிருந்தது. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிக்கக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் வரி எழுதினார். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜாவுக்கான பாட்டின் மெட்டு. தம்பி பாலுசாமி அங்கேயே வயலின் கற்றுக்கொண்டார். கோட்டைப் பேண்டின் பித்தளைச் சத்தம் கேட்ட காதோடு ஒரு பையன் வீட்டுக்கு வந்து வீணையை எடுக்கிற காட்சிக்கு ஒலி அமைக்க, சம்பளம் இல்லாமல் வருவேன். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தன் வீட்டிலேயே வாசித்த வீணை தனம்மாள் கதைக்கும் அப்படித்தான். மெல்லிய வாசிப்பு அது. அந்தக் கூடத்தின் நிசப்தத்தை எடுக்கத் தெரியாமல், பின்னணி இசையைப் போட்டு நிரப்புகிறவர் கையில் அந்தப் படம் போய்விடக் கூடாது. அவருடைய பேத்தி பாலசரஸ்வதியைச் சத்யஜித் ராய் 1976இல் ஆவணப்படமாக எடுத்தார். அதிலும் கடற்கரையில், காற்றில் புடவை படபடக்க ஆடவைத்திருக்கிறார். ஆவணப்படம் என்றால் முழு உண்மை என்று நினைக்கிறவர்கள் அந்தக் காற்றைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

2024 மார்ச்சில் இளையராஜா வாழ்க்கைப் படத்தின் அறிவிப்பு வந்தபோது, பெரம்பூரில் என்னோடு டீ குடிக்கிறவர்கள் கேட்டது தனுஷ் பொருத்தமா என்று. எனக்கு வந்த கேள்வி வேறு. உயிரோடு இருக்கிற மனிதரை நடுவீட்டில் உட்காரவைத்துப் பதினாறாம் நாள் பாட்டுப் பாட முடியுமா? பாடுகிறவருக்குக் கை நடுங்காதா?

சரி, தம்பி அழுத விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அழுதது அந்தக் கச்சேரிக் காட்சியில். அதில் பெரும்பகுதி ஃப்ரெடியின் நிஜக் குரல், நிஜமாக அன்று வெம்ப்ளியில் பாடியது. அதற்கு முன்னால் கோத்த காரணம்தான் பொய். குரல் பொய் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். அந்த 1985 கச்சேரியின் அசல் பதிவு 21 நிமிடம் ஓடும், தேடினால் கிடைக்கும். நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். நடுவில் அவர் வார்த்தையே இல்லாமல் ஒரு ராகம் இழுக்க, மொத்த மைதானமும் திருப்பிப் பாடும். நோய், பிரிவு, மன்னிப்பு எதுவும் உங்கள் தலையில் இல்லாமல் அந்த இடம் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். திரையரங்குக்கு வந்த படத்தில் வெட்டிவிட்ட இரண்டு பாட்டுகளும் அதில் இருக்கின்றன.